தேரிக்குக் குடிபோன சத்தங்கள்

வெள்ளாங்கரைக்குக் கிழக்கே கடல், மேற்கே தேரி. தேரி என்றால் செம்மணல் காடு. காற்று அடிக்கிற பக்கமெல்லாம் மேடு நகர்ந்து நகர்ந்து, நேற்று நடந்த தடம் இன்று இல்லாமல் போகிற இடம். கடலுக்கும் தேரிக்கும் நடுவில் ஊர். ஊருக்கு நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி அம்மன் கோயிலும் மாதா கோயிலும் தர்காவும். அவற்றின் உச்சியிலும், தெருமுனைப் பனைகளிலும், மின்கம்பங்களிலும் வாயைப் பிளந்துகொண்டு குழாய் ஸ்பீக்கர்கள். கொடை வந்தால் குழாய், பெருவிழா வந்தால் குழாய், கந்தூரி வந்தால் குழாய். பிள்ளைக்குக் காது குத்தினாலும், பெண் பெரியவளானாலும், கட்சிக்காரர் வந்து பேசினாலும், பேசிவிட்டுப் போனவரைத் திட்ட மறுநாள் இன்னொரு கட்சிக்காரர் வந்தாலும் குழாய். அத்தனையும் சுயம்புலிங்கத்தின் குழாய்கள். சுயம்பு சவுண்ட் சர்வீஸ் என்றால் அந்தக் கரையில் தெரியாதவர் கிடையாது. அவன் மனைவி பிரம்மசக்தி. இது அவளுக்கு நேர்ந்தது.

அந்த வருஷம் அம்மன் கொடைக்குக் கட்டிய குழாயை அவிழ்ப்பதற்குள் மாதா கோயிலில் கொடி ஏறியது, ஏறிய கொடி இறங்குவதற்குள் தர்காவில் கந்தூரி வந்தது, கந்தூரிச் சோறு ஆறுவதற்குள் இடைத்தேர்தல் வந்தது. குழாய்கள் கீழே இறங்காமலே ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அடுப்படியில் நின்ற பிரம்மசக்தி, தாளிக்கிற கடுகு பொரிந்தும் பொரிகிற சத்தம் வரவில்லை என்று கண்டாள். கரண்டியைத் தரையில் போட்டுப் பார்த்தாள். அது பஞ்சு விழுந்த மாதிரி விழுந்தது. காலை உதறினாள், கொலுசு பேசவில்லை. குழாயில் ஓட்டுக் கேட்கிற சத்தம் மட்டும் சுவரெல்லாம் அதிர வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்த் தொட்டிலை விலக்கினாள். ஆறு மாதப் பிள்ளை அமிர்தவல்லி வாயைத் திறந்து, முகம் சிவந்து, கண்ணீர் காதுக்குள் வழிய அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு உரிய எல்லாம் இருந்தது. சத்தம்தான் இல்லை.

"ஏங்க! பிள்ளைக்குச் சத்தம் வரல!"

"என்னது?" என்றான் வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்த சுயம்பு.

"பிள்ளைக்குச் சத்தம் வரலங்கேன்!"

"தூங்குதா? சரி, தூங்கட்டும், தூங்கட்டும்."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கு முன்னாலேயே தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் அத்தனையும் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தன. டாக்டரம்மா அமிர்தவல்லியின் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தாள், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள், பிறகு குழலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளங்கையால் பிள்ளையின் நெஞ்சைத் தொட்டாள்.

"தொண்டையில ஒண்ணும் இல்லம்மா. நெஞ்சுத் துடிப்பும் நல்லா இருக்கு. கையில தெரியுது, காதுலதான் கேக்கல. காலையில இருந்து எனக்கு எந்த நெஞ்சும் கேக்கல, என் நெஞ்சையும் சேத்துத்தான்" என்று ஊர்வழக்கப்படி கத்திச் சொன்னாள். சொல்லிவிட்டு, எதையாவது எழுதிக் கொடுக்க வேண்டுமே என்று சத்து மருந்து எழுதிக் கொடுத்தாள்.

சின்னச் சத்தங்கள் ஊரை விட்டுப் போய்விட்டன என்பது சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வளர்ந்த ஆள் ஒருவர் கத்துகிற கத்தலுக்குக் குறைந்த எந்தச் சத்தமும் வெள்ளாங்கரையில் இல்லை. இடம் இல்லாத வீட்டில் சொந்தக்காரர் எத்தனை நாள் தங்குவார், அதனால் போயிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வராத வருஷத்துக்குப் பழகினதுபோல இதற்கும் பழகினார்கள். தாய்மார்கள் பிள்ளையின் காலில் நூலைக் கட்டி மறு நுனியைத் தங்கள் காலில் கட்டிக்கொண்டு சமைத்தார்கள். பூக்காரிகள் கதவைக் கையால் தட்டுவதை விட்டுக் கல்லால் தட்டினார்கள். ரகசியம் என்ற ஒன்றே ஊரில் இல்லாமல் போயிற்று. காதோடு காதாகச் சொன்னது காதில் விழவில்லை, உரக்கச் சொன்னது ஊருக்கே விழுந்தது. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் முழங்கால் போட்டவர்கள் பாவத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் அதைக் கேட்டு, "அது நீதானால?" என்று அங்கேயே சட்டையைப் பிடித்தார்கள். அம்மன் கோயில் பூசாரி திருநீறு போட்டுக்கொண்டே முணுமுணுக்கிற குறி அவருக்கே கேட்காததால் வந்தவர்கள் முகத்தைப் பார்த்துத் தோதாகக் கை காட்டினார். தர்கா லெப்பை, தஸ்பீஹ் மணி விரலில் உருள்கிறது, உருளுகிற சத்தம் இல்லாமல் எண்ணிக்கை தவறிப்போகிறது என்று வருத்தப்பட்டார். மெல்லப் பேசுகிற சுபாவம் உள்ளவர்கள் ஒரே நாளில் ஊமைகள் ஆனார்கள். சண்டைக்காரர்கள் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்ந்தார்கள். சாயங்காலங்களில் என்னவோ வெறிச்சென்று இருக்கிறதே, கொஞ்சம் சத்தம் இருந்தால் தேவலாம் என்று எல்லாருக்கும் தோன்றியது. அதனால் இன்னும் கொஞ்சம் குழாய் கட்டினார்கள்.

சுயம்பு கெட்டவன் இல்லை. பெண்டாட்டி பிள்ளையின்மேல் உயிரையே வைத்திருந்தான். பிள்ளையின் அழுகையைத் தான் மீட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் அவனும் நம்பினான். கடையிலிருந்த மைக்குகளில் நல்லதாக ஒன்றை எடுத்து வந்து, துடைத்து, தொட்டில் கம்பில் தலைகீழாகக் கட்டினான். ஆம்ப்ளிஃபயரைப் போட்டுக் குமிழைத் திருகினான்.

"எறும்பு நடக்குததுகூட இதுல கேக்கும் பாரு" என்றான்.

பிள்ளை அழுதது. குழாயில் மெஷின் இரைகிற சத்தம் மட்டும் வந்தது. குமிழை முழுக்கத் திருகினான். இரைச்சல் கூடியது, அழுகை வரவில்லை. தொட்டில் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது வாசலில் கட்சிக்காரர்களின் வண்டி வந்து ஹாரன் அடித்தது. எழுந்து, மைக்கை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் பிரம்மசக்தி தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நூல் எங்கோ அறுந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. குடத்தோடு உள்ளே வந்தபோது பிள்ளை தொட்டிலிலிருந்து நழுவித் தரையில் கிடந்தாள். உடம்பெல்லாம் கட்டெறும்பு. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டிருக்கிறாளோ, முகம் கத்தரிப்பூ நிறமாகி, திறந்த வாய் திறந்தபடி கிடந்தாள், வீடு அமைதியாக இருந்தது. பிரம்மசக்தி குடத்தைக் கீழே போட்டாள். அதுவும் சத்தமில்லாமல் உருண்டது. எறும்பை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்து அவளும் அழுதாள். அவள் அழுகையும் கேட்கவில்லை. அவ்வழியாக வந்த அன்னப்பழம்தான் நின்றாள்.

அன்னப்பழம் தேரியில் ஆடு மேய்க்கிறவள். ஆடுகளோடு பேசிப் பேசித் தொண்டை அகலமானவள்.

"ஏட்டி, எதுக்கு அழுத?"

பிரம்மசக்தி பிள்ளையின் தடிப்புகளைக் காட்டினாள். "கூப்பிட்டிருக்கா எக்கா! எனக்குக் கேக்கலியே!"

"கேட்டுச்சே! எனக்குக் கேட்டுச்சு" என்றாள் அன்னப்பழம். "செத்த முன்னாடி ஒரு கைப்பிள்ள வீறிட்டு அழுதுச்சு. அங்கன, தேரிக்குள்ள. ஆடெல்லாம் மேய்ச்சல விட்டுட்டு நின்னுட்டு. உங்க ஊருச் சத்தம் பூரா அங்கனதான உக்காந்திருக்கு? நீங்கதான் கொண்டு விட்டியளோன்னுல்லா நெனச்சேன்!"

பிரம்மசக்தி செருப்புகூடப் போடாமல் கிளம்பினாள்.

ஊர் எல்லைக் கல்லைத் தாண்டி, உடைமரங்களைத் தாண்டி, குழாய்ச் சத்தம் முதுகுக்குப் பின்னால் மெலிந்து மெலிந்து ஒரு கொசுவின் அளவுக்குச் சுருங்கி, பிறகு அதுவும் இல்லாமல் போன இடத்தில் தேரி தொடங்கியது. சிவப்பு மணல் பாதத்தில் வெதுவெதுப்பாக ஏறியது. முதலில் அவள் கேட்டது தன் கொலுசை. பத்தடி தள்ளி ஒரு கொல்லாமரத்து நிழலில் அது தனியாக நடந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் எங்கே கால் வைத்தாலும் ஏதோ ஒரு சத்தத்துக்குள்தான் கால் வைக்க வேண்டியிருந்தது. மேட்டின் சரிவில் ஊரின் தோசைகள் எல்லாம் சுய்யென்று ஒன்றாக வெந்துகொண்டிருந்தன. ஒரு பனையடி மூட்டில் வளையல்கள். இன்னொரு மூட்டில் கிழவர்களின் செருமல்கள், ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல. புத்தகத் தாள் புரளும் சத்தம், தலையில் சீப்பு ஓடும் சத்தம், பூசாரியின் முணுமுணுப்பு, லெப்பையின் மணிகள், யாரோ ஒரு பெண் யாரிடமோ சொல்லி அவனுக்குக் கேட்காமலே போன "வரட்டுமா?" எல்லாம் வெயிலில் கோழிக்குஞ்சுகளைப்போல் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மணலும் நிழலும்தான் தெரிந்தன.

தாழ்வான ஓர் இடத்தில் பிள்ளைகளின் அழுகைகள் கிடந்தன. அத்தனை அழுகைக்கு நடுவிலும் பிரம்மசக்தியின் மார்பில் பால் ஊறியது ஒரே ஒரு அழுகைக்குத்தான். அந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளை திகைத்துப்போய்த் தன் சத்தத்தைத் தானே கேட்டது, தலையைத் திருப்பியது, வாயைத் திறந்தது. பல்லில்லாத அந்த வாய்க்குள் அழுகை போய் உட்கார்ந்துகொண்டது. அமிர்தவல்லி அழுதாள். தேரி முழுக்கக் கேட்க அழுதாள். தாய் அதை அமர்த்தவே இல்லை. "அழு, என் ராசாத்தி, இன்னும் அழு" என்று மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆனால் திரும்பி வரும்போது எல்லைக் கல் பக்கத்தில் குழாய்ச் சத்தம் காதில் விழுந்ததும் பிள்ளையின் வாயிலிருந்து அழுகை நழுவிற்று. மணலில் குதித்துத் திரும்பி ஓடிற்று. அது ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

அதனால் அவள் தினமும் போனாள். அவள் போவதைப் பார்த்து மற்றத் தாய்மாரும் போனார்கள். தாய்மார் போவதைப் பார்த்துக் கிழவர்கள் தங்கள் செருமலைத் தேடிப் போனார்கள். மனசில் இருப்பதை மெல்லச் சொல்ல ஆசைப்பட்டவர்கள் ஜோடி ஜோடியாகப் போனார்கள். கொஞ்ச நாளில் தேரிக்குப் போவது ஊரில் ஒரு வழக்கமாகிவிட்டது. "எங்க கிளம்பிட்டிய?" "தேரிக்குத்தான், பெண்டாட்டிகிட்ட ரெண்டு வார்த்த பேசணும்." பங்குச் சாமியார் அங்கே ஒரு பனைக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பாவம் கேட்டார். அடுத்த பனையில் பூசாரி. அதற்கடுத்த நிழலில் லெப்பை. முணுமுணுப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட, சில நாள் அம்மன் குறி கிறிஸ்தவர்களுக்கும், லெப்பை ஓதிய துஆ பூசாரியின் ஆட்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் குழலோடு வந்து நெஞ்சுகளைக் கேட்டாள்.

சுயம்பு ஒருநாள்தான் வந்தான். பிரம்மசக்தி அவன் கையைப் பிடித்து அந்தத் தாழ்வுக்குக் கூட்டிப் போனாள்.

"இதுல நம்ம பிள்ளையோடது எது, சொல்லுங்க பாப்பம்."

அவன் கண்ணை மூடிக் கேட்டான். ஒரு பக்கம் காட்டினான். அது தையற்காரர் வீட்டுப் பையனுடையது. இன்னொன்றைக் காட்டினான். அதுவும் இல்லை. அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவன் குழாய்க்கடியில்தான் இருந்திருக்கிறான், ஒருநாளாவது உட்கார்ந்து அதன் அழுகையைக் கேட்டதில்லை. மணலைத் தட்டிவிட்டு எழுந்தான். "ஜோலி கெடக்கு" என்றான்.

தேரியில் இத்தனை கூட்டம் கூடுகிறது என்று பேரூராட்சித் தலைவர் பொன்னையாவுக்குத் தெரியவந்தபோது, அவருக்கு அதை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை. நல்ல காரியம் நடக்கிற இடத்தில் ஒரு விழா வேண்டாமா? தேரியில் பூங்கா அமைப்போம், வாசல் வளைவு கட்டுவோம், மும்மதத்தாரும் மேடையில் இருப்பார்கள், மாவட்டமே திரும்பிப் பார்க்கும் என்றார். ஊரிலுள்ள எல்லாக் குழாயையும் அவிழ்த்துத் தேரியில் கட்டச் சொல்லி சுயம்புக்கு ஆள் வந்தது.

"கட்டப் போறீங்களா?" என்றாள் பிரம்மசக்தி.

"நான் கட்டலன்னா வேற ஊர்ல இருந்து எவனாவது வந்து கட்டுவான்."

"கட்டட்டும். நாளைக்கு எம்பிள்ள கேட்டா, அப்பா கட்டலன்னு சொல்லிக்கிடலாம்லா?"

"எனக்கு வேற என்ன தொழிலுடி தெரியும்?" என்று கத்தினான். ஊரில் எல்லாரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் இது வேறு கத்தல் என்று இருவருக்கும் தெரிந்தது. அவள் "ம்" என்றாள். மூக்கால் விட்டு, நடுவில் ஒடித்து, கடைசியில் மேலே தூக்கி விடுகிற "ம்". கோபம் வந்தால் அவள் வாயிலிருந்து அதற்குமேல் ஒன்றும் வராது. சின்னச் சத்தம் ஆனதால் அதுவும் கேட்கவில்லை. அவன் வயர்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

விழா அன்று ஊரே தேரியில் இருந்தது. பனைக்குப் பனை குழாய், எல்லாம் கூட்டத்தைப் பார்த்து வாய் பிளந்தபடி. மேடையின்கீழ் ஆம்ப்ளிஃபயர் தயாராக இருந்தது. பிரம்மசக்தி எல்லாருக்கும் பின்னால், தாழ்வான அந்த இடத்தில், பிள்ளையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெஷின் போட்டதும் இந்த அழுகை எழுந்து ஓடும், இந்தத் தடவை கடலுக்குத்தான் போகும், கடலுக்குள் போய் எப்படித் தேடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குமேல் பனையில் சுயம்பு கடைசிக் குழாயை இறுக்கிக்கொண்டிருந்தான். பிள்ளைக்குப் பசித்திருக்க வேண்டும். அழத் தொடங்கினாள்.

பனையில் கயிறு இழுபடுவது நின்றது.

பிரம்மசக்தி நிமிர்ந்து பார்த்தாள். அவன் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அசையாமல் இருந்தான். பிள்ளை வீறிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி வீறிட்டு, ஒவ்வொரு வீறலின் முடிவிலும் மூக்கால் ஒரு ஒலி விட்டது. நடுவில் ஒடித்து, கடைசியில் மேலே தூக்கி. அப்படியே தாயின் கோபம். "நீதான் என்னைத் திட்டுதன்னு நெனச்சேன், குனிஞ்சு பாத்தா உன் வாய் மூடியிருக்கு, அவ வாய் தொறந்திருக்கு" என்று பிற்பாடு அவளிடம் சொன்னான். இறங்கி வந்தவன் அவள் பக்கத்தில் நின்று, பிள்ளையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு மேடைப் பக்கம் நடந்தான்.

"சுயம்பு, மைக்கப் போடுல!" என்றார் தலைவர்.

"ஓடாது அண்ணாச்சி."

"ரிப்பேரா?"

"ரிப்பேர் ஒண்ணும் இல்ல. ஓடாது."

தலைவர் அவன் முகத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பூசாரியும் சாமியாரும் லெப்பையும் மேடையில் தங்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்ப நான் எப்படிப் பேச?" என்றார் தலைவர், பாவமாக.

"வாயாலதான்" என்று யாரோ முன்வரிசையில் மெல்லச் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "நம்ம ஊர் பேர் சொல்லும் பூங்கா ஒன்று இங்கே உருவாகப் போகிறது, எல்லோரும் எழுந்து கைதட்டுங்கள்" என்றார். முன்வரிசைக்குத்தான் கேட்டது. அடுத்த வரிசை, "என்ன சொல்லுதாரு?" என்று முதுகைத் தொட்டுக் கேட்டது. அவர்கள் திரும்பிக் காதோடு சொன்னார்கள். அவர்கள் அடுத்த வரிசைக்கு. அத்தனை நாள் கத்திக் களைத்த ஊருக்குக் காதோடு சொல்வது அவ்வளவு இனித்தது. தேவைக்கு மேலேயே மெல்லச் சொன்னார்கள், சொல்கிறபோது உதடு காதில் படச் சொன்னார்கள். வார்த்தை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போகப் போக வெயிலில் வைத்த வெல்லம்போல் இளகி, "பேர் சொல்லும் பூங்கா" பாதிக் கூட்டத்தில் "பேர் சொல்லும் பிள்ளை" ஆகி, பின்வரிசைக்கு வந்தபோது, முன்னால் இருந்த தையற்காரர் மனைவி திரும்பிப் பிரம்மசக்தியின் காதில் சொன்னாள்:

"பேர் சொல்ற பிள்ள ஒண்ணு தூங்கப் போவுதாம். யாரும் எந்திரிக்காம தட்டிக் கொடுக்கணுமாம்."

பிரம்மசக்தி பிள்ளையின் முதுகில் தட்டிக் கொடுத்தாள். பக்கத்தில் இருந்த தாய்மார் தங்கள் பிள்ளைகளைத் தட்டினார்கள். பிள்ளை இல்லாதவர்கள் தங்கள் தொடையைத் தட்டினார்கள். கிழவர்கள் மணலைத் தட்டினார்கள். மெத்து மெத்தென்ற அந்தச் சத்தம் பின்னாலிருந்து வரிசை வரிசையாக முன்னால் போய் மேடையைத் தொட்டது. தன் வாழ்நாளில் இப்படியொரு கைதட்டலைக் கேட்டிராத தலைவர் பொன்னையா கண்கலங்கிக் கும்பிட்டு, அதற்குமேல் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்குச் சொல்வதென்றால், பூங்கா வரவில்லை. குழாய்களை நாளைக்கு அவிழ்க்கலாம் என்று சுயம்பு விட்டுவிட்டு வந்தான். அதற்குள் தேரி நகர்ந்து பாதிப் பனைகளைக் கழுத்தளவு மூடிவிட்டது. மிஞ்சின குழாய்கள் கோயிலுக்கு ஒன்று, தர்காவுக்கு ஒன்று, மாதா கோயிலுக்கு ஒன்று என்று போயின. அவையும் அந்தந்த முற்றத்தைப் பார்த்துக் குனிந்து பேசும். அவன் இப்போது வயரிங் வேலையும் பார்க்கிறான். கட்சிக்காரர்கள் வெளியூரிலிருந்து குழாய் கொண்டு வருவதுண்டு. அன்றைக்கு மட்டும் சின்னச் சத்தங்கள் எல்லைக் கல் வரைக்கும் போய் நின்றுவிட்டு, அவர்கள் போனதும் திரும்பி வந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் பிறகு. விழா முடிந்த அந்தச் சாயங்காலம், ஊரில் ஒரு குழாய்கூட இல்லாத அந்தச் சாயங்காலம், சனங்கள் மெல்லப் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்கள். அன்னப்பழத்தின் ஆடுகளுக்குப் பின்னால் சத்தங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. எல்லைக் கல் பக்கத்தில் பிரம்மசக்தி நின்று பிள்ளையின் வாயில் காதை வைத்தாள். மூச்சு கேட்டது. இன்னும் நாலடி நடந்தாள். அப்போதும் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அமிர்தவல்லி விழித்து, தொட்டிலில் கிடந்தபடி ஒரு அழுகை அழுதாள். ஓட்டுக்கூரை அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு மைனி, "ஏட்டி பிரம்மசக்தி! அந்தப் பிள்ளைய என்னன்னு பாரேன், காது கிழியுதுல்லா!" என்றாள்.

பிரம்மசக்தி எழுந்திருக்கப் போனாள். வாசலில் நின்ற சுயம்பு கையை நீட்டி, கொஞ்சம் பொறு என்றான்.